ஆத்துல போட்டாலும் அளந்து போடு!

நண்பர்களே, வெர்னியர் காலிப்பரைக் கையில் பிடிக்காமல் நம் பாலிடெக்னிக்கை விட்டு எவனும் டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியே போக முடியாது. அளவியல் லேபில் முதல் நாள் சார் என்ன கேட்டார் என்று நினைவிருக்கிறதா? "இந்த ராடு எவ்வளவு தடிமன்?" என்றார். நாமெல்லாம் "சுமாரா ஒரு இஞ்ச் சார்", "ஒன்றரை விரக்கடை சார்" என்று அடித்துவிட்டோம். அவர் சிரிக்கவில்லை. "சுமாரா என்ற அளவு இந்த லேபில் கிடையாது" என்று சொல்லிவிட்டு, 0.02 மில்லிமீட்டர் வரை பார்க்கச் சொன்னார். அன்றைக்கு இரும்புக்குக் கற்றுக்கொண்ட மரியாதையை நாம் மனிதர்களுக்குக் கொடுக்கிறோமா? இதுதான் என் கேள்வி.

"அவன் எப்பப் பாரு சண்டை." "இவ எப்பவும் அழுமூஞ்சி." "இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதையே தெரியாது." ஒரு நாளைக்கு இப்படி எத்தனை தீர்ப்பு சொல்கிறோம்! எத்தனை தடவை சண்டை போட்டான், எவ்வளவு நேரம் அழுதாள் என்று ஒருவராவது எண்ணியதுண்டா? வெங்காய மண்டியில் மூட்டை எடை அரைக் கிலோ குறைந்தால் தராசையே கவிழ்த்துப் போடுகிற ஊர் நம் ஊர். ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை மட்டும் "எப்பப் பாரு" என்ற ஒற்றை வார்த்தையால் நிறுத்துப் போட்டுவிடுகிறோம்.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் வீட்டில் நடந்தது.

எங்கள் குட்டி

என் அக்கா மகனுக்கு ஏழு வயது. பெயர் வேண்டாம், வீட்டில் "குட்டி" என்றுதான் கூப்பிடுவோம். அவனுக்கு ஆட்டிசம். பேச்சு அதிகம் வராது; பத்துப் பதினைந்து வார்த்தை. ஆனால் எங்கள் மச்சான் நாகல் நகர்ப் பக்கம் பூட்டுப் பட்டறையில் வேலை செய்து கொண்டுவருகிற பழைய சாவிகளைக் கொட்டினால், எது எந்தப் பூட்டுக்கு என்று தொட்டுப் பார்த்தே பிரித்துவிடுவான். அப்படிப்பட்ட கண்ணும் கையும்.

போன வருஷம் அவன் படித்த பள்ளியில் அக்காவைக் கூப்பிட்டு, "எப்பப் பாரு கத்துறான்மா. மத்த பிள்ளைங்க படிப்பு கெட்டுப்போகுது. நீங்க வேற இடம் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். அக்கா வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். அம்மா, "அடியாத மாடு படியாதுன்னு அப்பவே சொன்னேன். செல்லம் குடுத்துக் கெடுத்தாச்சு" என்றாள். அப்போது நான் செய்ததையும் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலம் குட்டி கத்தியபோது முதுகில் இரண்டு வைத்தேன். பிறகு பின்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினேன். பத்து நிமிஷத்தில் சத்தம் அடங்கியது. "பாத்தியா, அடி உதவுற மாதிரி வருமா?" என்று நானே பெருமையாகச் சொன்னேன். இந்த வரியை எழுதும்போது கை கூசுகிறது.

வட்டார வள மையத்திலிருந்து வீட்டுக்கு வந்து போகிற சிறப்பாசிரியை ஒருவர் உண்டு. டீச்சரம்மா என்போம். அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "எப்பப் பாருன்னா… ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. பெற்ற தாய்க்குத் தெரியவில்லை. அடித்த மாமனுக்கும் தெரியவில்லை.

கத்துவது என்றால் என்ன?

டீச்சரம்மா ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னார். முதல் பக்கத்தில் "கத்துவது என்றால் என்ன?" என்று எழுதச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. கத்துவது என்றால் கத்துவதுதானே!

சரி என்று அக்காவும் நானும் ஒரே சாயங்காலம் தனித்தனியாக எண்ணினோம். நான் வலது சட்டைப் பையில் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றை இடது பைக்கு மாற்றினேன். அக்கா அஞ்சறைப் பெட்டியில் போட்டாள். இரவு எட்டு மணிக்கு எண்ணிப் பார்த்தால் என் பையில் 15, அக்கா பெட்டியில் 9! ஒரே பிள்ளை, ஒரே வீடு, ஒரே நேரம்.

சின்ன எண்ணைப் பெரிய எண்ணால் வகுத்து நூறால் பெருக்கச் சொன்னார் டீச்சரம்மா. 60 சதவீதம். "எண்பதுக்குக் கீழ இருந்தா நம்ப முடியாது தம்பி. ரெண்டு பேரும் வேற வேற சமாச்சாரத்தை எண்ணியிருக்கீங்க" என்றார். உண்மைதான். அவன் முனகியதைக்கூட நான் எண்ணியிருந்தேன். ஏற்கெனவே அவன் மேல் எனக்கு எரிச்சல் இருந்ததல்லவா! அக்காவோ தாய், பெரிய சத்தத்தை மட்டும் எண்ணியிருந்தாள். லேபில் நாமும் பார்த்திருக்கிறோமே, ஒரே ஜாபை இரண்டு பேர் அளந்து இரண்டு அளவு சொல்வதை. தப்பு ஜாபில் இல்லை, பார்க்கிற கண்ணில்.

அப்புறம் உட்கார்ந்து எழுதினோம்: "பக்கத்து அறைக் கதவு சாத்தியிருந்தாலும் கேட்கும் அளவுக்கு, மூன்று விநாடிக்குக் குறையாமல் எழுப்பும் குரல். நடுவில் பத்து விநாடி அமைதி இருந்தால்தான் அடுத்தது தனிக் கணக்கு." இப்படி எழுதியபின் எண்ணினோம். 12-உம் 11-உம் வந்தது. 92 சதவீதம். அவனை அடக்கத் தெரியாத நாங்கள் முதலில் எங்கள் கண்ணை அடக்கக் கற்றுக்கொண்டோம்.

இது ஏதோ கைவைத்தியம் அல்ல

இதற்குப் பெயர் பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு. அமெரிக்காவில் பி.எஃப். ஸ்கின்னர் (1904–1990) என்ற உளவியலாளர் எலிகளையும் புறாக்களையும் வைத்து ஒன்றைக் காட்டினார். ஒரு செயலுக்குப் பின்னால் என்ன கிடைக்கிறதோ அதுதான் அந்தச் செயல் மறுபடி வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கிறது. 1938-இல் அவருடைய முதல் பெரிய நூல் வந்தது. அந்த விதிகளை மனிதர் வாழ்க்கைக்குக் கொண்டுவர 1968-இல் ஒரு தனி ஆய்விதழே தொடங்கினார்கள். அதன் முதல் இதழிலேயே பேயர், வுல்ஃப், ரிஸ்லி என்ற மூவர் இந்தத் துறை எப்படி இருக்க வேண்டும் என்று ஏழு இலக்கணம் வகுத்தார்கள். அதில் முதல் இலக்கணம், எடுத்துக்கொள்ளும் விஷயம் அந்த மனிதருக்கே முக்கியமானதாக இருக்க வேண்டும் என்பது. இதை மறக்காதீர்கள், பின்னால் வருகிறேன்.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. செகந்திராபாத்தில் 1984-இல் மனவளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் மாறிவிட்டது. அங்கே ரீட்டா பெஷாவாரியாவும் எஸ். வெங்கடேசனும் 1992-இல் ஆசிரியர்களுக்காக ஒரு நடத்தைமுறைக் கையேடு தயாரித்தார்கள். இந்தியப் பிள்ளைகளுக்கென்றே ஓர் அளவுகோலும் செய்தார்கள். அதில் பிள்ளைக்கு என்னென்ன தெரியும் என்று பார்க்க 280 கேள்விகள். தொந்தரவான நடத்தைகளுக்கு 75. கவனியுங்கள் நண்பர்களே! தெரிந்தவற்றின் பட்டியல்தான் மூன்று மடங்குக்கும் மேல் நீளம். நாம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது எந்தப் பட்டியலை நீளமாக வாசிக்கிறோம்?

அளப்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் கருவிகள் மிக எளிது. எத்தனை தடவை என்பது ஒன்று. அதை நேரத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை என்ற வீதம் கிடைக்கும். ஆரம்பித்தால் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது இன்னொன்று. சொன்னதற்கும் செய்ய ஆரம்பிப்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்பது மூன்றாவது. "எழுதுடா" என்றதும் ஒரு பிள்ளை எழுதாமல் இருக்கலாம், இரண்டு நிமிஷம் கழித்து எழுதவும் செய்யலாம். இரண்டும் நமக்கு "சொன்னா கேக்க மாட்டான்" தான். கடிகாரத்துக்கு இரண்டும் வேறு வேறு.

இவற்றோடு ஒரு மூன்று கட்டக் கணக்கு: முன்னால் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், பின்னால் என்ன கிடைத்தது. பூட்டில் சாவி சிக்கினால் எங்கள் மச்சான் சுத்தியலை எடுக்க மாட்டார். எந்த லீவர் தூக்க மறுக்கிறது என்று காதை வைத்துக் கேட்பார். அதே வேலைதான் இதுவும்.

நோட்டு சொன்ன கதை

எதையும் மாற்றாமல் ஒரு வாரம் எண்ணுங்கள் என்றார் டீச்சரம்மா. காலிப்பரில் ஜீரோ பிழை பார்க்கிற மாதிரி இது. தொடக்க அளவு தெரியாமல் "முன்னேற்றம்" என்று எதைச் சொல்வது? தினமும் சாயங்காலம் நாலு மணி முதல் எட்டு மணி வரை எண்ணினோம். திங்கள் 14, செவ்வாய் 11, புதன் 16, வியாழன் 9, வெள்ளி 13, சனி 15, ஞாயிறு 6. மொத்தம் 84. மணிக்கு மூன்று. கடிகாரத்தையும் வைத்துப் பார்த்தோம்: 28 மணி நேரத்தில் அவன் கத்தியது மொத்தம் 336 நிமிஷம். குறைவு என்று சொல்லவில்லை; பக்கத்து வீட்டுக்காரர்கள் பாவம்தான். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு நேரம். மீதி நாலு பங்கு நேரம் அந்தப் பிள்ளை சும்மா விளையாடிக்கொண்டும் சாவி பிரித்துக்கொண்டும் இருந்திருக்கிறான். அந்த நாலு பங்கை எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை.

மூன்று கட்டக் கணக்கைப் பிரித்தபோதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 84-இல் 14 தடவை, முன்னால் குக்கர் விசில் அல்லது மிக்ஸி சத்தம். 19 தடவைக்குக் காரணம் பிடிபடவில்லை. மீதி 51 தடவை, முன்னால் இருந்தது ஒன்றே ஒன்று: எழுத்து நோட்டு. அந்த 51-இல் 44 தடவை பின்னால் நடந்ததும் ஒன்றே ஒன்று: நோட்டு மூடப்பட்டது. அக்கா பாவம் பார்த்து மூடினாள். மச்சான் களைப்பில் மூடினார். நான்? அடித்து, பின்னறைக்கு அனுப்பினேன். அங்கே நோட்டு இல்லையே!

புரிகிறதா? நான் தண்டனை என்று நினைத்துக் கொடுத்ததில் அவனுக்குப் பரிசும் இருந்தது. கத்தினால் எழுத வேண்டியதில்லை என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார்களில் நானும் ஒருவன். அவன் அடிக்குப் பயந்து அடங்கவில்லை. கேட்டது கிடைத்ததால் அடங்கினான். அவன் கேட்டது "போதும்" என்ற ஒரு சொல். அது வாயில் வராததால் தொண்டை கிழியக் கத்தினான்.

"அப்ப 'போதும்'னு சொல்லக் கத்துக்கொடுப்போம்" என்றார் டீச்சரம்மா. இதையும் 1985-இல் கார், டியூரண்ட் என்ற இருவர் ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். ஒரு பிள்ளை கத்திப் பெறுகிற அதே பலனை, கத்தாமல் கேட்டுப் பெறக் கற்றுக்கொடுத்தால் கத்தல் குறைகிறது. கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தைக் கத்தரித்து, உள்ளங்கை படம் வரைந்து ஓர் அட்டை செய்தோம். அதை எடுத்து நீட்டினால் உடனே நோட்டை மூடி இரண்டு நிமிஷம் ஓய்வு. ஒரு பக்கம் எழுதச் சொன்ன இடத்தில் இரண்டு வரி. கத்தினால் நோட்டு மூடாது; அவன் கையைப் பிடித்து அட்டையைத் தொட வைப்போம், அப்புறம் மூடுவோம்.

முதல் நாள் 21, இரண்டாம் நாள் 24. "உன் படிப்பு லட்சணம் இதுதானா? கூடிப் போச்சே!" என்றாள் அம்மா. கூடும் என்று டீச்சரம்மா முன்கூட்டியே சொல்லியிருந்தார். வழக்கமாகத் திறக்கிற கதவு திறக்காவிட்டால் நாமும் இரண்டு தட்டு ஓங்கித் தட்டுவோமே! நோட்டு இல்லாமலிருந்தால் அன்றைக்கே கைவிட்டிருப்போம். ஐந்தாம் நாள் அவனாகவே அட்டையை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினான். நான் நோட்டை மூடினேன். அவன் என்னையே பார்த்தான். "இவ்வளவுதானா, இதுக்கா இத்தனை நாள்?" என்று கேட்கிற மாதிரி இருந்தது.

ஆறாவது வாரம் எண்ணிக்கை: 7, 5, 6, 4, 5, 5, 3. மொத்தம் 35, கத்திய நேரம் 70 நிமிஷம். நடுவில் கோவில் திருவிழாவுக்கு மைக் செட் கட்டிய அன்று 19 ஆனது. அதையும் நோட்டிலிருந்து அழிக்கவில்லை. இன்னொரு பக்கத்தில் அட்டை நீட்டிய கணக்கு வைத்தோம். பூஜ்யத்தில் ஆரம்பித்து நாளுக்கு எட்டு வரை போயிருந்தது. குறைந்ததை மட்டும் எண்ணக் கூடாது, வளர்ந்ததையும் எண்ண வேண்டும்.

எதற்கு அளக்கிறோம்?

இந்த முறைக்கு எதிர்ப்பே இல்லை என்று சொன்னால் நான் பொய்யன். 1987-இல் லோவாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர், சிறு வயதிலேயே வாரம் 40 மணி நேரம் பயிற்சி கொடுத்த 19 ஆட்டிசப் பிள்ளைகளில் 9 பேர் மற்றப் பிள்ளைகளைப் போலப் பள்ளியில் தேறினார்கள் என்று அறிவித்தார். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்தப் பயிற்சியில் அதட்டலும் இருந்தது, சில சமயம் தொடையில் அடியும் இருந்தது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பெரியவர்களானதும் பலர் எழுந்து நின்று கேட்டார்கள்: "எங்களை நல்லா அளந்தீங்க. ஆனா எங்களுக்காகவா அளந்தீங்க? உங்களை மாதிரி எங்களை ஆக்குறதுக்கா?"

நியாயமான கேள்வி. எங்கள் குட்டி சந்தோஷம் வந்தால் இரண்டு கையையும் சிறகு மாதிரி ஆட்டுவான். "அதையும் எண்ணி நிறுத்திடலாமா?" என்று மச்சான் கேட்டார். டீச்சரம்மா, "அதனால யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். நோட்டில் அதற்குப் பக்கம் ஒதுக்கவில்லை. முதல் இலக்கணம் ஞாபகமிருக்கிறதா? அந்த மனிதருக்கே முக்கியமானது எதுவோ, அதைத்தான் அளக்க வேண்டும்.

லிண்ட்ஸ்லி என்று ஸ்கின்னரின் மாணவர் ஒருவர் வேடிக்கையாக ஒரு சோதனை வைத்தார். செத்த மனிதனாலும் முடிகிற காரியம் என்றால் அது நடத்தையே இல்லை. "சத்தம் போடாமல் இருப்பது", "அசையாமல் உட்கார்ந்திருப்பது"… பிணம் நம்மைவிட நன்றாகச் செய்யுமே! நம் பள்ளிகளும், ஏன், நம் வகுப்பறைகளும் நல்ல மாணவன் என்று எவனைச் சொல்கின்றன என்று இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. "கத்தாமல் இருப்பான்" என்பது குறிக்கோள் அல்ல. "வேண்டும், போதும் என்று கேட்பான்" என்பதே குறிக்கோள்.

நண்பர்களே, நமக்கு என்ன?

நமக்கும் நிறைய இருக்கிறது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளி, பாகுபாடு காட்டாமல் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் சட்டத்தை எடுத்துக்கொண்டு போகிற தாயின் எதிரில் "எப்பப் பாரு" உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல அவள் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு வேண்டும்.

அக்கா அந்த நோட்டோடு பள்ளிக்குப் போனாள். ஒரு வாரம் நீங்களும் எண்ணிப் பாருங்கள் என்றாள். ஓர் ஆசிரியை மட்டும் ஒப்புக்கொண்டார். ஐந்து நாளில் நாலு தடவை என்று அவரே எழுதிக் கொடுத்தார். அதற்கும் மேலே இருந்தவர்கள் மனசு மாறவில்லை. குட்டி இப்போது வேறு பள்ளியில் இருக்கிறான். சேர்த்த அன்றைக்கே அந்தத் தலைமையாசிரியை நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டிவிட்டு, "அந்த அட்டை எங்கம்மா? இங்கயும் ஒண்ணு வேணும்" என்று கேட்டாராம். அக்கா அதைச் சொல்லும்போதும் அழுதாள். இது வேறு அழுகை.

நம் பேரவைக்கும் ஒரு வார்த்தை. "பஸ் எப்பவுமே வர்றதில்லை", "லேத் எப்பவுமே ரிப்பேர்" என்று வருஷா வருஷம் மனு எழுதுகிறோம். வருஷா வருஷம் பரிசீலிக்கப்படும் என்கிறார்கள். அடுத்த மனுவில் எத்தனை வேலை நாளில் எத்தனை நாள், எத்தனை நிமிஷம் தாமதம், எத்தனை லேத்தில் எத்தனை ஓடவில்லை என்று இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, ஒப்பிட்டு எழுதுவோம். கோபம் குறையாது; ஆனால் கோபத்துக்குக் கையும் காலும் முளைக்கும். அதேபோல, ஜூனியர் பையன் ஒருவனைப் "பொறுக்கி" என்று சொல்வதற்கு முன்னால் எத்தனை தடவை, எப்போது, எதற்கு அப்புறம் என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.

ஔவைப் பாட்டி எழுத்துக்கு முன்னால் எண்ணைத்தான் வைத்தாள். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் பெரியவர்கள். ஆற்றில் போடுகிற பொருளுக்கே அளவு என்றால், ஒரு பிள்ளை மேல் போடுகிற பழிக்கு அளவு வேண்டாமா?

குட்டி இன்னும் கத்துகிறான். நேற்று மூன்று தடவை. நான் அடித்தது அந்த ஒரு நாள்தான், இரண்டு அடி. அதையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் கணக்கு அதற்குமேல் ஏறவில்லை.

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்